திரும்பி ஸ்டேடியத்துக்கு போலாமா? வீட்ல அப்பா டயாலிசிஸ்ல இருக்கார் (லண்டன் மக்கள் கொஞ்சம் சொல்லுங்க)

#1 மேட்ச்டே_முருகு | 9 ஆகஸ்ட் 2021, இரவு 10:42

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இன்னிக்கு ஒரு குழப்பத்தோட வந்திருக்கேன்.

வர்ற வெள்ளிக்கிழமை பிரென்ட்ஃபோர்ட் ஆர்சனல் மேட்ச்சோட பிரீமியர் லீக் ஃபுட்பால் சீசன் ஆரம்பிக்குது, கொரோனா வந்த அப்புறம் இந்த தடவை எல்லா கிரவுண்டும் ஃபுல்லா திறக்குறாங்க. என்கிட்ட சீசன் டிக்கெட் இருக்கு (எந்த கிளப்னு சொல்ல மாட்டேன், சொன்னா கேள்விக்கு பதில் சொல்லாம கலாய்க்க ஆரம்பிச்சுடுவீங்க). கடைசியா போனது 2020 மார்ச் முதல் வாரம். அதுக்கப்புறம் பதினேழு மாசமா சோபா தான், டிவில அந்த ஃபிஃபா கேம்ல இருந்து எடுத்த கூச்சல போட்டு ஏமாத்துவாங்களே, அது தான் நமக்கு கூட்டம்.

பிரச்சனை என்னன்னா வீட்ல அப்பா. 71 வயசு, வாரம் 3 நாள் டயாலிசிஸ். நானும் மனைவியும் ரெண்டு ஊசியும் போட்டாச்சு, அப்பாவும் போட்டாச்சு. பையனுக்கு 11 வயசு, அவனுக்கு ஊசி இல்ல, ஆனா அவன் தான் "எப்பப்பா போறோம்"னு உயிர எடுக்கறான். கிளப்ல இருந்து நடத்தை விதின்னு ஒரு மெயில் வந்திருக்கு, உள் நடைபாதைல மாஸ்க் போடணும், தெரியாதவங்கள கட்டிப்பிடிக்க கூடாது, ஹை ஃபைவ் வேண்டாம், ஊசி போட்ட பாஸ் இல்லனா 48 மணி நேரத்துக்குள்ள எடுத்த டெஸ்ட் ரிசல்ட் கேட்டா காட்டணுமாம். "கேட்டா". கேக்கலன்னா?

மனைவி ஒரே வரில முடிச்சுட்டா. "போய்ட்டு வாங்க, வந்து கராஜ்ல படுத்துக்கோங்க." நீங்க என்ன சொல்றீங்க?

#2 பெரம்பூர்_பெக்காம் | 9 ஆகஸ்ட் 2021, இரவு 11:30

தல நீ கேள்வி கேக்குற நேரத்துல நான் அழுதுட்டு இருக்கேன். நாங்க சென்னையின் எஃப்.சி. மேட்ச்ச நேர்ல பார்த்து ஒன்றரை வருஷம் ஆச்சு, 2020 பிப்ரவரி 29, கோவாவ 4-1னு நேரு ஸ்டேடியத்துல பொளந்தோம், தொண்டை போய் ரெண்டு நாள் ஆபீஸ்ல சைகை பாஷை. ரெண்டு வாரம் கழிச்சு ஃபைனல், கோவால, ஒரு ஆள் கூட இல்லாத ஃபட்டோர்டா ஸ்டேடியம், கொல்கத்தா அணி ஏ.டி.கே.கிட்ட 3-1 தோல்வி. அதுக்கப்புறம் முழு ஐ.எஸ்.எல். லீக்கும் கோவால, வெளியாள் யாரையும் விடாத பபுள்ல தான். உனக்கு கதவு திறந்திருக்குன்னா போய்டு. அப்பாவ பார்த்துக்கோ, ஆனா போய்டு.

#3 நைட்ஷிப்ட்_அக்கா | 10 ஆகஸ்ட் 2021, காலை 8:05

தம்பி, டியூட்டி முடிச்சு வந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா பொறுத்துக்கோ.

முதல்ல அப்பாவோட கிட்னி டாக்டர், நர்ஸ் கிட்ட கேளு, இங்க இல்ல. டயாலிசிஸ்ல இருக்கவங்களுக்கு ரெண்டு ஊசி போட்டாலும் எதிர்ப்பு சக்தி மத்தவங்க அளவுக்கு வராம போகலாம், அது ஆளுக்கு ஆள் மாறும். வாரம் 3 நாள் அதே ரூம்ல மத்த நோயாளிங்களோட உக்கார்றார், அவர் மூலமா அங்க போனா அது உங்க வீட்டோட நிக்காது.

நான் லிவர்பூல் பக்கம் இருக்கேன். 2020 மார்ச் 11 ஞாபகம் இருக்கா? அதே நாள் தான் உலக சுகாதார நிறுவனம் இது பெருந்தொற்றுன்னு அறிவிச்சது, அன்னிக்கு ராத்திரி ஆன்ஃபீல்ட்ல அட்லெடிகோ மேட்ச், 52,000 பேர். ஸ்பெயின்ல அவங்க லீக்க ஏற்கெனவே ஆள் இல்லாம ஆட ஆரம்பிச்சாச்சு, மேட்ரிட்ல ஸ்கூல் எல்லாம் மூடியாச்சு, ஆனா அங்க இருந்து 3,000 ரசிகர்கள் விமானம் ஏறி இங்க வந்து டவுன்ல பப்ல உக்கார்ந்து பாடிட்டு போனாங்க. சொந்த ஊர்ல மேட்ச் பார்க்க முடியாதவங்க அடுத்த ஊர்ல வந்து பார்க்கலாம்னா அது என்ன கணக்கு? அதுக்கு மூணு வாரம் முன்னாடி பிப்ரவரி 19, இத்தாலில அடலாண்டா வலென்சியா மேட்ச், அடலாண்டாவோட பெர்காமோ ஊர்ல மொத்தமே ஒன்னேகால் லட்சம் பேர் இருப்பாங்க, சுத்துப்பட்டு ஜனத்தோட சேர்த்து 40,000 பேருக்கு மேல மிலன் சான் சிரோவுக்கு பஸ்லயும் ரயில்லயும் போனாங்க, 4-1 ஜெயிச்சாங்க, நாலு தடவ கட்டிப்பிடிச்சாங்க. பாவம், அவங்களுக்கு யாரும் எதுவும் சொல்லல.

இப்ப அந்த நிலைமை இல்ல, ஊசி இருக்கு, டெஸ்ட் இருக்கு. நான் போகாதன்னு சொல்லல. எப்படி போற, எதுல போறன்னு சொல்லு, அப்புறம் பேசலாம்.

#4 ஈஸ்ட்ஹாம்_பெடியன் | 10 ஆகஸ்ட் 2021, பகல் 12:17

அண்ணை, நான் போன டிசம்பர் 5ஆம் திகதி போனனான். வெஸ்ற்ஹாம் எதிர் மன்செஸ்ரர் யுனைரெட், பிரீமியர் லீக்கில சனம் திரும்பி வந்த முதல் மட்ச் அதுதான். 60,000 பேர் இருக்கிற இடத்தில 2,000 பேருக்குத்தான் விட்டவை, எனக்குக் குலுக்கல்ல விழுந்தது. சொன்னா நம்பமாட்டியள், ஒரு ஆள் இருமினா எதிர்ப்பக்கம் இருக்கிறவர் திரும்பிப் பாக்கிறார். எனக்கு முன்னுக்கு ரெண்டு வரிசை காலி, பக்கத்தில காலி, சூப்பர் மார்க்கெற்றுக்குப் போறதிலும் பாக்க அது பாதுகாப்பு எண்டுதான் சொல்லுவன். முதல் பாதியில சூசெக் அடிச்சு நாங்கள் முன்னுக்கு நிண்டனாங்கள், பிறகு மூண்டு வாங்கினது வேற கதை.

அதே கிழமை மன்செஸ்ரர்க்காரருக்கு ஒரு ஆளையும் விடேல்ல, அவையள் கொரோனாக் கட்டுப்பாட்டில மூண்டாம் அடுக்கு, அதுதான் ஆகக் கடுமை. எங்கட ஊர் ரெண்டாம் அடுக்கு. ரெண்டாம் அடுக்கில பப்பில குடிக்கிறதெண்டா "கணிசமான சாப்பாடு" வாங்கோணும், ஸ்கொட்ச் முட்டை (இறைச்சி சுத்திப் பொரிச்ச முட்டை) கணிசமான சாப்பாடா எண்டு மந்திரிமார் ரீவியில விவாதிச்ச கிழமை அது. பத்து நாளில எங்களையும் மூண்டாம் அடுக்கில போட்டு கதவை அடைச்சுப் போட்டாங்கள்.

#5 கேட்_நம்பர்_ஏழு | 10 ஆகஸ்ட் 2021, இரவு 9:50

நான் இங்க படிக்க வந்தவன், சனிக்கிழமை ஸ்டூவர்ட் வேலை, ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு "அந்தப் பக்கம் போங்க சார்"னு கத்துற வேலை. கிளப் பேர் வேண்டாம். போன டிசம்பர்ல 2,000 பேர் வச்சு நடத்தினப்பவும் இருந்தேன், மே மாசம் கடைசி ரெண்டு ரவுண்டுக்கு 10,000 பேர் விட்டப்பவும் இருந்தேன். நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

எல்லாரும் சீட்ட பத்தியே பேசறீங்க. சீட்டுல தான் காத்து இருக்கே! மேல வானம், ஆளு ஒரே பக்கம் பார்த்து உக்கார்ந்திருக்கார். 2,000 பேர் வந்தப்ப சீட்டுக்கு நடுவுல ஜிப் டை கட்டி மடக்க முடியாம பண்ணிட்டோம், டிக்கெட்ல உங்களுக்கு எத்தன மணிக்கு எந்த கேட்டுனு இருக்கும், பியர் கிடையாது, டாய்லெட் வாசல்ல ஒருத்தர் நின்னு ஒரு ஆள் வெளிய வந்தா ஒரு ஆள் உள்ள. மேட்ச் முடிஞ்சதும் வரிசை வரிசையா எழுப்பி அனுப்புவோம், கல்யாண பந்தில எழுப்பற மாதிரி. அது சுலபம். ஃபுல் ஹவுஸ்ல இதுல ஒன்னும் நடக்காது.

ஆபத்து எங்கன்னா ஸ்டாண்டுக்கு அடியில இருக்கற அந்த நடைபாதை. தாழ்வான கான்கிரீட் கூரை, காத்து கம்மி. இங்கிலாந்துல 1985 சட்டப்படி ஆட்டம் தெரியற இடத்துல உக்கார்ந்து சாராயம் குடிக்க கூடாது, அதனால குடிக்கறவன் எல்லாம் அந்த அடி நடைபாதைல தான் குடிக்கணும். ஹாஃப் டைம் 15 நிமிஷம், ஆயிரக்கணக்குல ஜனம் ஒரே நேரத்துல இறங்கி, குடிக்கறதால மாஸ்க் இல்லாம, கூரைல எக்கோ அடிக்க பாடுவான். ரௌடித்தனத்த தடுக்க போட்ட சட்டம், இப்ப திறந்த வெளில இருக்க வேண்டியவன குகைக்குள்ள அனுப்புது. யாரும் இத பத்தி பேசல.

ரெண்டாவது, கேட். இதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கற விஷயம். ஒரு டர்ன்ஸ்டைல்ல (ஆள ஒவ்வொருத்தரா உள்ள விடற சுழல் கேட்) ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 660 பேர்னு தான் பாதுகாப்பு கையேட்டுல கணக்கு. அதாவது ஆளுக்கு அஞ்சரை செகண்ட். 60,000 பேர் கிரவுண்டுல 100 டர்ன்ஸ்டைல்னு வச்சுக்கோங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாரும் உள்ள. இப்ப அதே கேட்ல நின்னு போன எடு, ஆப்ப திற, பாஸ காட்டு, பேர பாருன்னு பத்து செகண்ட் கூட்டினா ஒரு கேட்டுக்கு மணிக்கு 230 பேர் தான். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆகும். நம்ம ஆளு மேட்ச்சுக்கு இருபது நிமிஷம் முன்னாடி பப்ல இருந்து எழுந்து வர்றவன். வெளிய என்ன ஆகும்?

என்ன ஆகும்னு 1989ல ஷெஃபீல்ட் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல பார்த்தாச்சு. கேட்டுக்கு வெளிய நெரிசல் முத்தி, போலீஸ் பெரிய கேட்ட திறந்து விட, ஜனம் ஏற்கெனவே நிரம்பின கூண்டுக்குள்ள போச்சு. போன மாசம் தான் 97ஆவது ஆள அந்த சாவு கணக்குல சேர்த்தாங்க, 32 வருஷம் கழிச்சு. அதே போன மாசம் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல யூரோ கோப்பை ஃபைனல், டிக்கெட் இல்லாதவன் கூட்டமா கேட்ட உடைச்சு உள்ள வந்தான், அங்க பாஸ் செக்கிங்கும் இருந்துச்சு, யார பாஸ் கேக்கறது யார பிடிக்கறது? அதனால தான் பல கிளப் "ரேண்டம் செக்"னு சொல்லுது. சோம்பேறித்தனம் கொஞ்சம் இருக்கலாம், ஆனா மெயினா கணக்கு இடிக்குது. என்ன கேட்டா பாஸ் செக்க டர்ன்ஸ்டைல்ல வைக்கவே கூடாது, நூறு மீட்டர் தள்ளி அகலமான இடத்துல வச்சு, பார்த்தாச்சுன்னா கைல ஒரு பட்டை கட்டி அனுப்பணும். கிருமிய தடுக்கறேன்னு ஆள நசுக்கிட கூடாது.

முருகு அண்ணே, உங்களுக்கு என் பதில்: ஒரு மணி நேரம் முன்னாடி போங்க, ஹாஃப் டைம்ல எழுந்திருக்காதீங்க, பையன முன்னாடியே பாத்ரூம் கூட்டிட்டு போய்டுங்க, முடிஞ்சதும் பத்து நிமிஷம் உக்கார்ந்திருந்து போங்க. அப்பாவுக்கு சீட்டால பிரச்சனை வராது, அத தவிர மத்த எல்லாத்தாலயும் வரலாம்.

#6 வுவுசேலா | 10 ஆகஸ்ட் 2021, இரவு 10:31

எவ்ளோ பெரிய கட்டுரை. புடாபெஸ்ட்ல யூரோ மேட்ச் எல்லாம் ஃபுல் கிரவுண்ட், 60,000 பேர், மாஸ்க்கும் இல்ல ஒன்னும் இல்ல, ஹங்கேரி காலி ஆகிடுச்சா? பயந்தவன் வீட்ல இரு, மத்தவன விடு.

#7 புள்ளிவிவரப்புலி | 10 ஆகஸ்ட் 2021, இரவு 11:12

@வுவுசேலா புடாபெஸ்ட்ட சும்மா திறந்து விடல பாஸ், வெளிநாட்டு ரசிகனுக்கு பி.சி.ஆர், உள்ளூர்க்காரனுக்கு ஊசி அட்டை, கைப்பட்டையெல்லாம் இருந்துச்சு. சும்மா டிவில பார்த்தத வச்சு அடிச்சு விடாத.

கேட் தம்பி சொன்னத ஸ்காட்லாந்து நம்பர் கிட்டத்தட்ட சொல்லுது. ஜூன் கடைசில அங்க சுகாதாரத் துறை ஒரு அறிக்கை விட்டாங்க. யூரோ பார்க்க போனதோட தொடர்புடைய கேஸ் 1,991. அதுல மூணுல ரெண்டு பங்கு, 1,294 பேர், ஜூன் 18 இங்கிலாந்து மேட்ச்சுக்காக லண்டன் போனவங்க. அதுல வெம்ப்ளிக்குள்ள இருந்தது எத்தன பேர் தெரியுமா? 397. ஸ்காட்லாந்துக்கு கொடுத்த டிக்கெட்டே 2,600 தான், மீதி ஆளெல்லாம் டிக்கெட் இல்லாம சும்மா கூட்டத்தோட இருக்க ரயில் ஏறினவன். பத்துல ஒன்பது ஆம்பளைங்க.

ஆனா ஒரு நிமிஷம். கேட் தம்பி, இத வச்சு நீ ஜெயிச்சுட்டேன்னு நினைக்காத. "தொடர்புடைய"ன்னா அங்க வாங்கினான்னு அர்த்தம் இல்ல, தொற்று இருக்கற சமயத்துல அங்க போய்ருக்கான்னு தான் அர்த்தம். வீட்லயே வாங்கிட்டு போய் அங்க கொடுத்திருக்கலாம். அப்புறம் 2,600ல 397னா அது சின்ன விகிதம் இல்லையே, ஏழுல ஒருத்தன்! உள்ள போனவனும் அதே ரயில், அதே பப் தான், பிரிச்சு பார்க்கவே முடியாது.

இன்னொன்னு, ஏப்ரல் மே மாசம் அரசாங்கம் சோதனைக்குன்னு நடத்தின நிகழ்ச்சிங்க, வெம்ப்ளில எஃப்.ஏ. கப் அரையிறுதி, 8,000 பேரோட லீக் கப் ஃபைனல், 20,000 பேர் கிட்ட வச்சு லெஸ்டர் ஜெயிச்ச எஃப்.ஏ. கப் ஃபைனல் எல்லாம் சேர்த்து 58,000 பேர்ல 28 கேஸ் தான்னு ஜூன்ல சொன்னாங்க. பேப்பர் எல்லாம் "ஸ்டேடியம் சேஃப்"னு தலைப்பு. உள்ள போய் படிச்சா, முன்னாடியும் பின்னாடியும் பி.சி.ஆர் பண்ணி அனுப்புங்கன்னு கொடுத்த டெஸ்ட் கிட் ரெண்டையும் திருப்பி அனுப்பினது 15 சதவீதம் பேர் தான். மேட்ச் முடிஞ்ச அப்புறம் எவன் மூக்குல குச்சி விட்டுட்டு தபால் பெட்டி தேடுவான்? பரீட்சை எழுதாதவன எல்லாம் பாஸ்னு போட்ட மாதிரி.

#8 நைட்ஷிப்ட்_அக்கா | 11 ஆகஸ்ட் 2021, காலை 7:48

புலி சொல்றது சரி. டெஸ்ட் ரிசல்ட் விஷயத்துலயும் ஒரு ஓட்டை. மருந்துக்கடைல இலவசமா தர்ற டப்பால 7 குச்சி, வீட்ல நாமளே பண்ணி நாமளே வெப்சைட்ல அந்த கிட் நம்பர போட்டு "நெகட்டிவ்"னு அமுக்கினா மெசேஜ் வந்துடும். குச்சிய டப்பால இருந்து எடுக்கவே வேண்டாம். பொய் சொல்ற ஆளுக்கு அது தடையே இல்ல. பொய் சொல்லாத ஆளுக்கு தான் அது பயன், அவனுக்கு டி கோடு (பாசிட்டிவ்னு காட்டற கோடு) மங்கலா தெரிஞ்சாலும் வீட்ல இருந்துடுவான். நம்மாளுங்க நேர்மையா பண்ணுங்கப்பா. பதினஞ்சு நிமிஷம் விட்டு பாரு, அஞ்சு நிமிஷத்துல தூக்கி போட்டுட்டு ஓடாத.

#9 வுவுசேலா | 11 ஆகஸ்ட் 2021, காலை 9:20

அக்கா சொன்னா ஓகே. புலி சொன்னா தான் காண்டாகுது.

#10 மேட்ச்டே_முருகு | 21 ஆகஸ்ட் 2021, மாலை 6:15

எல்லாருக்கும் நன்றி, டயாலிசிஸ் யூனிட்ல கேட்டேன். அவங்க போகாதன்னு சொல்லல, போனா அஞ்சாறு நாள் அப்பா கூட ஒரே ரூம்ல உக்காராத, தினமும் டெஸ்ட் பண்ணுன்னாங்க. முடிவு பண்ண போற நேரத்துல நேத்து இங்கிலாந்து சுகாதாரத் துறையோட யூரோ ஃபைனல் கணக்கு வந்திருக்கு பார்த்தீங்களா? அன்னிக்கு வெம்ப்ளிலயும் சுத்து வட்டாரத்துலயும் தொற்றோட இருந்தவங்க 2,295 பேராம், அங்க இருந்தப்ப புதுசா வாங்கியிருக்க வாய்ப்பு உள்ளவங்க 3,404 பேராம். அதே ஆளுங்க விம்பிள்டன் டென்னிஸ்ல ரொம்ப கம்மின்னும் சொல்லியிருக்காங்க. அங்கயும் ஆளு நிறைய, ஆனா எவனும் கட்டிப்பிடிச்சு கத்தல, ஸ்ட்ராபெரி சாப்ட்டுட்டு கை தட்டினான்.

அப்போ பிரச்சனை கூட்டம் இல்ல, நாம தான் போல.

#11 கேட்_நம்பர்_ஏழு | 21 ஆகஸ்ட் 2021, இரவு 8:02

அண்ணே அன்னிக்கு ஃபைனல்ல டிக்கெட் இல்லாம புகுந்த ஆளுங்கள யாரு டெஸ்ட் பண்ணா? ஒரே சீட்டுல ரெண்டு பேர், படிக்கட்டெல்லாம் ஆளு. அத வச்சு சாதாரண லீக் மேட்ச்ச அளக்க முடியாது. ஆனா சுத்து வட்டாரம்னு போட்ருக்கான் பாருங்க, காலைல இருந்தே ஸ்டேடியத்துக்கு போற வெம்ப்ளி வே ரோடு முழுக்க பியர் கேன் பறந்த நாள் அது.

#12 ஈஸ்ட்ஹாம்_பெடியன் | 24 ஆகஸ்ட் 2021, அதிகாலை 1:40

நித்திரை வரேல்ல, எழுதுறன். இண்டைக்கு, இல்ல நேற்று ராத்திரி, லெஸ்ரரோட மட்ச், 4-1. கிட்டத்தட்ட 60,000 சனம். மிக்கேல் அன்ரோனியோ அடிச்சு, வெஸ்ற்ஹாமுக்காக பிரீமியர் லீக்கில டி கனியோ வச்சிருந்த 47 கோல் சாதனையை முறியடிச்சவர். அடிச்ச உடன ஓடிப்போய் தன்ர சொந்த உருவத்தில செய்த ஒரு அட்டைப் பொம்மையை வாங்கி, காதலியைத் தூக்கிற மாதிரி தலைக்கு மேல தூக்கினார் பாருங்கோ! போன வருசம் ஜெர்மனியில சனம் இல்லாத ஸ்ரேடியத்தில ரசிகர்மாரின்ர படத்தை அட்டையில வெட்டி கதிரையில இருத்தினவை, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இப்ப சனம் எல்லாம் கதிரையில, அட்டை மைதானத்துக்க.

ரெயினிலதான் எனக்குப் பயம் வந்தது, உள்ளுக்க இல்ல. ஸ்ற்றாற்ஃபோர்ட்டில திரும்பி ஏறேக்க பெட்டிக்குள்ள கால் வைக்க இடமில்ல, மாஸ்க் கட்டாயம் எண்டு அறிவிச்சுக்கொண்டே இருக்கினம், அரைவாசிப் பேருக்கு நாடியிலதான் மாஸ்க். நான் ஒரு ரெயினை விட்டிட்டு அடுத்ததில வந்தனான். அதுவும் அப்பிடித்தான் இருந்தது.

#13 மேட்ச்டே_முருகு | 6 செப்டம்பர் 2021, இரவு 9:33

போய்ட்டு வந்தாச்சு. இன்டர்நேஷனல் பிரேக் விட்டதால இப்ப தான் உக்கார்ந்து எழுத நேரம் கிடைச்சுது.

கேட் தம்பி சொன்னத அப்படியே செஞ்சேன். காருல போய் ரெண்டு மைல் தள்ளி நிறுத்திட்டு பையனோட நடந்தோம். ஒரு மணி நேரம் முன்னாடி கேட்ல நின்னா எனக்கு முன்னாடி நாலே பேர். போன்ல டிக்கெட், அத மெஷின்ல வச்சா பச்சை லைட், அவ்ளோதான், முந்தா நாள் ராத்திரி நானும் பையனும் மூக்குல குச்சி விட்டு கண்ணுல தண்ணி வந்து ரிசல்ட் அப்லோட் பண்ணி ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சிருந்தோம், ஒருத்தரும் கேக்கல. பையன் ஸ்டூவர்ட் கிட்ட தானா போய் "என்னோடத பார்க்கலயா"ன்னு காட்டினான். அவர் பார்த்துட்டு சல்யூட் அடிச்சார்.

எங்க வரிசைல எட்டு வருஷமா பக்கத்துல உக்கார்ற ஒரு தாத்தா இருக்கார், பேர் இன்னி வரைக்கும் தெரியாது, போலோ தாத்தான்னு தான் பையன் சொல்வான், முதல் அஞ்சு நிமிஷத்துல ஒரு போலோ மிட்டாய் உரிச்சு அப்படியே வரிசைய பார்த்து நீட்டுவார், அது எங்க வரிசைல சாமி பிரசாதம் மாதிரி. எனக்கு போறப்பவே வயித்த கலக்குச்சு, இருப்பாரா இல்லையான்னு. இருந்தார். பெரிய மாஸ்க், கண்ணு மட்டும் தெரியுது. என்ன பார்த்துட்டு கோட்டு பாக்கெட்ல இருந்து பிரிக்காத முழு போலோ பாக்கெட் ஒன்னு எடுத்து பையன் மடில போட்டார். வரிசைல எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பாக்கெட் தனித்தனியா! கடைல மொத்தமா வாங்கியிருக்கார் மனுஷன். அவர் தான் அன்னிக்கு அந்த கிரவுண்டுல ஒழுங்கா ரிஸ்க் அசெஸ்மென்ட் பண்ண ஒரே ஆள்.

கோல் விழுந்தப்ப விதியெல்லாம் காத்துல போச்சு. முன் சீட்டு ஆளு திரும்பி ரெண்டு கையையும் விரிச்சான், நான் முழங்கைய நீட்டினேன், அவன் முழங்கையோட சேர்த்து என்ன கட்டிப்பிடிச்சு தூக்கிட்டான். என்ன பண்ண சொல்றீங்க. மாஸ்க் போட்டிருந்தேன், அவன் போடல, ஒரு பத்து செகண்ட்.

அப்புறம் அஞ்சு நாள் சாமான் ரூம்ல படுக்கை. கராஜ் இல்ல, பேச்சுவார்த்தைல குறைச்சாச்சு. தினமும் டெஸ்ட், தினமும் ஒரே கோடு. அப்பா கதவுக்கு வெளிய நின்னுட்டு "ஸ்கோர் என்னடா, ரெஃபரி எப்படி"ன்னு கேப்பார், டிவில முழுசா பார்த்துட்டு தான் கேப்பார்.

#14 பெரம்பூர்_பெக்காம் | 6 செப்டம்பர் 2021, இரவு 11:58

போலோ தாத்தாவுக்கு ஒரு விசில். 🙏

#15 மாஸ்டர்ஸ்_மாணிக்கம் | 25 செப்டம்பர் 2021, மாலை 4:44

அண்ணா எல்லாருக்கும் வணக்கம், புதுசா மெம்பர். சென்னைல ரெண்டு டோஸ் கோவிஷீல்ட் போட்டுட்டு இந்த மாசம் தான் படிக்க லண்டன் வந்தேன், பத்து நாள் ரூம்ல குவாரன்டீன் இருந்தேன். இப்ப மேட்ச்சுக்கு டிக்கெட் கிடைச்சிருக்கு, ஆப்ல பாஸ் வரல, வெளிநாட்டுல போட்ட ஊசி சிஸ்டத்துல ஏறாதாம். அதே ஆஸ்ட்ராஜெனெகா மருந்து தானே, புனேல பாட்டில்ல அடைச்சா செல்லாதா? மூணு நாள் முன்னாடி மருந்த ஒத்துக்கிட்டோம் சர்டிஃபிகேட்ட தான் ஒத்துக்கலன்னு சொல்றாங்க, இதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது தமிழ்ல சொல்லுங்க.

#16 நைட்ஷிப்ட்_அக்கா | 25 செப்டம்பர் 2021, இரவு 7:10

தம்பி அதுக்கு தமிழ்லயும் அர்த்தம் இல்ல, இங்கிலீஷ்லயும் இல்ல. டெஸ்ட் ரிசல்ட் போதும், 48 மணி நேரத்துக்குள்ள எடுத்து மெசேஜ காட்டு. சாப்பாடு ஒழுங்கா சாப்பிடு.

#17 டார்ட்மண்ட்_தம்பி | 9 டிசம்பர் 2021, இரவு 10:20

பழைய இழைய தோண்டறதுக்கு மன்னிக்கணும், ஜெர்மனி நிலவரம் சொல்லலாம்னு.

இங்க "ரேண்டம்" கிடையாது, எல்லாரையும் பார்ப்பாங்க. 3ஜின்னா ஊசி, குணமானது, டெஸ்ட் இதுல ஏதாவது ஒன்னு. 2ஜின்னா டெஸ்ட் செல்லாது, ஊசி போட்டிருக்கணும் இல்ல வந்து குணமாகியிருக்கணும். நவம்பர் 27 கொலோன் கிளாட்பாக் மேட்ச் 2ஜில 50,000 பேர் ஃபுல் ஹவுஸ், அந்த படம் பேப்பர்ல வந்ததும் நாடே கொதிச்சிடுச்சு, ஐ.சி.யூ நிரம்பி நோயாளிய விமானத்துல வேற மாநிலத்துக்கு தூக்கிட்டு போற நேரம். உடனே திறந்தவெளிக்கு அதிகபட்சம் 15,000னு போட்டாங்க. போன சனிக்கிழமை எங்க டார்ட்மண்ட் பயர்ன் மேட்ச், 81,000 பேர் பிடிக்கிற இடத்துல 15,000. 3-2 தோல்வி, அந்த பெனால்டிய பத்தி பேசினா எனக்கு பிபி ஏறும். நேத்து மியூனிக்ல பயர்ன் பார்சிலோனா, ஒரு ஆள் கூட இல்ல, மறுபடி ஆவி மேட்ச்.

50,000 தப்புன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா அந்த 50,000 பேர் மேட்ச் இல்லாத சனிக்கிழமை என்ன பண்ணுவான்? ஷாப்பிங் போவான், ரயில் ஏறுவான், கதவு மூடின ரூம்ல நண்பனோட டிவி பார்ப்பான். 2ஜி மேட்ச்ல அவன் சட்டைப்பைல பாஸ் இருந்துச்சு.

#18 புள்ளிவிவரப்புலி | 27 டிசம்பர் 2021, பகல் 2:05

அதே கூத்து வேல்ஸ்ல நேத்துல இருந்து. மேட்ச் எல்லாம் ஆள் இல்லாம, ஆனா பப் திறந்திருக்கு, மேஜைக்கு ஆறு பேர். ஸ்காட்லாந்துல திறந்தவெளிக்கு 500 பேர். இங்கிலாந்துல ஃபுல், பாஸ் கட்டாயம், 10,000க்கு மேல போனா 15ஆம் தேதில இருந்து. ஒரே தீவு, மூணு சட்டம், கிருமிக்கு மேப் கொடுத்து அனுப்பணும்.

சொல்ல மறந்துட்டேன், கிட்டத்தட்ட முழுசா கூட்டம் இல்லாம ஆடின போன சீசன்ல பிரீமியர் லீக்ல வெளியூர் அணி ஜெயிச்சது 153, உள்ளூர் அணி 144. நாம கத்தறதுல ஏதோ இருக்கு.

#19 மேட்ச்டே_முருகு | 28 டிசம்பர் 2021, இரவு 8:30

நான் இந்த மாசம் போகல. ஓமிக்ரான் வந்ததும் நிறுத்திட்டேன், யாரும் சொல்லல, நானே. டிசம்பர் 18 சனிக்கிழமை ஆறு மேட்ச்ல அஞ்சு ரத்து, ஆட்டக்காரனுக்கே வந்துடுச்சு, அவன தினமும் டெஸ்ட் பண்றாங்க, நான் எம்மாத்திரம். அப்பாவுக்கு பூஸ்டர் போட்டாச்சு, இருந்தாலும் டயாலிசிஸ் யூனிட்ல நாலு பேருக்கு வந்திருக்கு. என் சீட்ட கிளப் மூலமாவே திருப்பி கொடுத்துட்டேன், வேற யாரோ உக்கார்ந்திருப்பான், போலோ கிடைச்சிருக்கும்.

ஒரு ஆறுதல், கேட் தம்பி சொன்ன மாதிரி இப்ப பாஸ் செக்க டர்ன்ஸ்டைலுக்கு முன்னாடியே தள்ளி வச்சு கைப்பட்டை கட்டறாங்களாம், என் கூட வர்ற நண்பன் சொன்னான்.

#20 கேட்_நம்பர்_ஏழு | 28 டிசம்பர் 2021, இரவு 9:05

கட்டறது நான் தான் அண்ணே. குளிர்ல விரல் போச்சு. கையுறை போட்டா பட்டை ஒட்டாது.

#21 மேட்ச்டே_முருகு | 30 ஜனவரி 2022, காலை 10:12

வியாழக்கிழமையோட பாஸ் கட்டாயம் போச்சு, மாஸ்க்கும் போச்சு. நான் ஃபிப்ரவரில இருந்து போறேன், அதே ஒரு மணி நேரம் முன்னாடி, அதே ரெண்டு மைல் நடை, அதே சாமான் ரூம். சட்டம் போனா என்ன, அப்பா கிட்னி மாறலையே. அடுத்த வாரம் பையனுக்கு ஸ்கூல்ல ஏதோ இருக்கு, அவன் சீட்டு காலி. லண்டன்ல யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, வாங்கின விலைக்கே தர்றேன்.

#22 மாஸ்டர்ஸ்_மாணிக்கம் | 30 ஜனவரி 2022, காலை 10:13

எனக்கு எனக்கு எனக்கு அண்ணா

#23 நிர்வாகி | 30 ஜனவரி 2022, காலை 11:00

முருகு, கிளப் அனுமதி இல்லாம கால்பந்து டிக்கெட் விக்கறது அந்த ஊர்ல 1994ல இருந்து குற்றம், வாங்கின விலையா இருந்தாலும். கிளப் வெப்சைட்லயே நண்பருக்கு மாத்தி விடற வசதி இருக்கான்னு பாருங்க, இந்த பேச்ச தனி மெசேஜ்ல வச்சுக்கோங்க. மாணிக்கம், ஒரு தடவ "எனக்கு"ன்னா போதும்.

#24 மாஸ்டர்ஸ்_மாணிக்கம் | 30 ஜனவரி 2022, காலை 11:02

சரி சார். முருகு அண்ணா, டெஸ்ட் எடுத்துட்டு தான் வருவேன், போலோ நானே வாங்கிட்டு வர்றேன்.